ஒரு செம்பு நீருக்கும் கணக்கு உண்டு



சில நாள்களுக்கு முன், அஸர் தொழுகை நேரம். எங்கள் மதரஸாவின் உளூச் செய்யும் இடத்தில் ஒரு மாணவன் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனோடு பேசியபடியே உளூச் செய்துகொண்டிருந்தான். "தம்பி, தண்ணீர் வீணாகிறதே" என்றேன். அவன் பணிவோடுதான் பதில் சொன்னான்: "பெரியாற்றுத் தண்ணீர்தானே ஹஜ்ரத், வந்துகொண்டேதானே இருக்கும்?"

கடிந்துகொள்ள வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் நான் உளூச் செய்யும்போது குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துப் பார்த்தேன். அரை வாளிக்கு மேல் நிறைந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ ஒரு லிட்டர், அல்லது அதற்கும் குறைவு. அந்த ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். மாணவன் சொன்ன சொல் அவனுடையதன்று. எங்களைப் பார்த்துக் கற்றது.

நம்மிடையே 'ஷுக்ரு' நாவோடு நின்றுவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு. நலம் விசாரித்தால் "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறோம். கைப்பேசியில் காலையும் மாலையும் நன்றி வாசகங்களைப் பகிர்கிறோம். ஆனால் அந்த நன்றிக்குரிய பொருள் நம் கையில் இருக்கும்போது அதை எப்படிப் பயன்படுத்துகிறோம்? தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாருக்கு அல்லாஹ் இட்ட கட்டளையை ஸபா அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் பாருங்கள். நன்றியை அங்கே ஒரு செயலாகவே அவன் கேட்கிறான். அத்தகைய நன்றியுடையோர் தன் அடியார்களில் குறைவு என்றும் அறிவிக்கிறான்.

'வந்துகொண்டேதானே இருக்கும்' என்று நாம் எண்ணும் இந்த நீர் எப்படி வருகிறது? மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, பென்னிகுயிக்கின் பொறுப்பில் எட்டு ஆண்டுகள் கட்டப்பட்டு, 1895இல் திறக்கப்பட்டது முல்லைப் பெரியாறு அணை. காட்டுக் காய்ச்சலுக்கு இரையான தொழிலாளர் பலர். மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலான சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்ட நீர்தான் லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல்களை நனைத்து, வைகையில் சேர்கிறது. நம் நெல்லும் திராட்சையும் வாழையும் அந்தச் சுரங்கத்தின் வழியே வந்தவை.

2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை வெடித்தபோது, இப்பள்ளத்தாக்கின் மக்கள் மதம் பாராமல் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி எனத் தீர்ப்பளித்தபோது இனிப்பு வழங்கி மகிழ்ந்தோம். ஆறு அடி நீருக்காகத் தெருவில் நின்ற நாம்தாம், பள்ளிவாசலின் ஒழுகும் குழாயை மாதக்கணக்கில் கடந்து செல்கிறோம். அடுத்தவர் தடுத்தால் அது உரிமை. நாமே வீணாக்கினால் அது ஒன்றுமில்லையா?

அதே ஸபா அத்தியாயத்தில்தான் ஓர் அணையின் வரலாறும் வருகிறது. யமன் நாட்டு ஸபா மக்களுக்கு வலப்புறமும் இடப்புறமும் தோட்டங்கள் இருந்தன. அவர்கள் புறக்கணித்தபோது 'அரிம்' வெள்ளம் வந்தது. அது மஃரிப் அணை உடைந்து வந்த வெள்ளம் என விரிவுரையாளர்கள் விளக்குவர். கனி தரும் தோட்டங்கள் போய், கசப்புக் காய்களும் சில இலந்தை மரங்களுமே எஞ்சின. நம் அணை உடையும் என்று அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. அம்மக்களின் குற்றம் என்ன என்பதைக் கவனியுங்கள். அவர்களின் பயணப் பாதையில் ஊர்கள் அருகருகே இருந்தன. இரவும் பகலும் அச்சமின்றிச் செல்ல முடிந்தது. அந்த எளிய சுகம் அவர்களுக்குச் சலித்துவிட்டது. பயண தூரத்தை நீட்டித் தருமாறு அவர்களே கேட்டார்கள். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை ஊருக்கு ஊர் பாங்கொலி கேட்டு, அச்சமின்றிப் பயணம் செய்யும் நமக்கு இது பழங்கதையா?

வீட்டுக்குள் வாருங்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதே இல்லை. ஒருமுறை வீட்டில் தொட்டுக்கொள்ளக் காடியைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது, அந்தக் காடியைப் புகழ்ந்துகொண்டே உண்டார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? விடியலில் எழுந்த பெண் அடுப்பில் வெந்து தட்டில் வைத்ததை, அத்தாவும் மகனும் கைப்பேசியில் கண்ணை வைத்தபடி உண்டு எழுகிறார்கள். அன்று அவர்கள் பேசிய ஒரே சொல் "உப்புக் குறைவு" என்பதாக இருக்கும். அதே மனிதர் வலீமாவில் ஊர் மெச்ச மூவகை இறைச்சி பரிமாறுவார். பாதிப் பிரியாணி இலையோடு குப்பைக்குப் போவதைக் கண்டும் காணாமல் நிற்பார். கீழே விழுந்த கவளத்தையும் தூசு நீக்கி உண்ணச் சொன்ன நபியின் சுன்னத்தான விருந்து அது என்கிறோம்!

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன்.

"உம்மத் எத்தனையோ பெருந்துயரில் இருக்கும்போது, குழாயையும் குழம்பையும் பற்றிப் பேசலாமா?" என்பார் சிலர். நபி (ஸல்), அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) மூவரும் பசி தாளாமல் வீட்டைவிட்டு வெளியேறிய ஒரு நாள், அன்ஸாரித் தோழர் ஒருவர் பேரீச்சம் பழமும் இறைச்சியும் நீரும் தந்து உபசரித்தார். வயிறு நிறைந்ததும், இந்த அருளைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு என்றே நபியவர்கள் நினைவூட்டினார்கள். துன்பம் மிகுந்த அந்த நாளிலேயே ஒரு வேளை உணவின் கணக்கு தள்ளிவைக்கப்படவில்லை. மேலும், ஒரு குழாய்க்குப் பொறுப்பேற்காதவர் வக்ஃபு சொத்துக்கு எவ்வாறு பொறுப்பேற்பார்?

இரண்டாம் மறுப்பு கனமானது. "இருப்பதைக் கொண்டு திருப்தியடை என்று ஏழைகளின் வாயை அடைக்கத்தானே இந்த உபதேசம்?" இந்தக் கேள்வி நியாயமானது, அவ்வாறு பயன்படுத்துவோரும் உண்டு. இருள் பிரியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்களிடம் போய் "பொறுமையாக இரு, நன்றி செலுத்து" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. நன்றி, கையில் இருப்பவர் மீதுள்ள கடமை. தோட்ட முதலாளியின் நன்றி, கூலியைக் குறைக்காமல் கொடுப்பதில் இருக்கிறது. ஏலக்காய் மணக்கும் தேநீரை அருந்தும் நம் நன்றி, அதைப் பறித்த கைகளை மறவாதிருப்பதில் இருக்கிறது. கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல், பெற வேண்டியவருக்கு நன்றியைப் போதிப்பது மோசடி.

எங்கள் மதரஸாவில் இப்போது குழாயருகே செம்புகளை வைத்திருக்கிறோம். வசதி படைத்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, "செம்பில் உளூச் செய்ய நாம் என்ன பஞ்சத்திலா இருக்கிறோம்?" என்று சலித்துக்கொண்டார். பஞ்சத்தில் ஒரு செம்போடு நிறுத்திக்கொள்வதற்கு ஈமான் தேவையில்லை, வாப்பா. இல்லாமை அதைச் செய்துவிடும். நீர் பெருகி ஓடும்போது நிறுத்துவதே இபாதத்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் பள்ளிவாசலின் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்யுங்கள். விருந்தில் எத்தனை வகை என்பதற்கு ஒரு வரம்பைத் தீர்மானியுங்கள். தந்தையரே, இன்று இரவு உணவின்போது கைப்பேசியை வேறறையில் வைத்துவிட்டு, சமைத்தவரின் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். மலர்ந்த முகத்தோடு சகோதரனைச் சந்திப்பதைக்கூட அற்பமாகக் கருத வேண்டாம் என்று நபியவர்கள் கற்பித்தது நம் வீட்டாருக்கும் பொருந்தும்.

வல்ல அல்லாஹ், நாவால் மொழியும் நன்றியைக் கையாலும் நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.