மின்சாரத் தாயார்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, வகுப்பு முடிந்த பிறகு பையன் ஒருவன் தயங்கித் தயங்கி என் மேஜையருகே வந்து நின்றான். "ஸார், எங்க வீட்டிலே கடன் வாங்கி இன்குபேட்டர் வைக்கப் போறாங்க. கின்னிக் கோழி முட்டை பொரிக்கப் போறாங்களாம். வாங்கலாமா, ஸார்?" என்றான். பாடத்தில் சந்தேகம் கேட்டிருந்தால் உடனே சமாளித்திருப்பேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கிருந்த யோக்கியதை ஒன்றே ஒன்றுதான். அதே காரியத்தில் நான் ஒரு முறை தோற்றவன். அவனுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

கின்னிக் கோழி ஆப்பிரிக்காக் கண்டத்துப் பறவை. சாம்பல் மேனியில் வெள்ளைப் பொட்டுக்கள். தலையில் கொம்பு போல ஒரு புடைப்பு. குரலோ தெருவையே கூட்டக் கூடியது. அந்நியர் வந்தாலும் பாம்பு வந்தாலும் அது சும்மா இராது. பரேலிக்கு அருகே இஜத்நகரில் 1979-ல் ஏற்பட்ட மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தார், தாங்கள் வளர்த்தெடுத்த இனங்களுக்குக் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். அங்கே யாரோ ஒரு சம்ஸ்கிருத ரஸிகர் இருந்திருக்க வேண்டும்!

குரல் இருக்கிற அளவுக்கு அதற்குத் தாய்மை போதாது. புதரில் ஒளித்து முட்டையிடும். குஞ்சு பொரித்தாலும் விடியற்காலைப் பனிப்புல்லில் இழுத்துக்கொண்டு அலையும். நனைந்த குஞ்சுகள் குளிரில் மாண்டு போகும். கிரிவலப் பாதைக்கு அப்பாலுள்ள கிராமத்தில் எனக்கு முட்டை கொடுத்த பாட்டி, "இதுங்க பெத்துப் போடறதோட சரி, சாமி. வளக்கறதுக்கு நாட்டுக் கோழிதான் வரணும்" என்றாள். நான் படித்தவன் அல்லவா? நாட்டுக் கோழி எதற்கு, மின்சாரத் தாயார் இருக்கும்போது என்று எண்ணினேன்.

எகிப்து தேசத்தார் மின்சாரம் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே, மண் அறைகளில் தீ மூட்டி ஆயிரக்கணக்கில் முட்டைகளைப் பொரித்தவர்கள். முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அறிந்து விடுவார்கள். அந்த முறையைப் பற்றிப் பிரெஞ்சு விஞ்ஞானி ரேயோமூர் 1749-ல் ஒரு நூலே வெளியிட்டார். என்னிடமிருந்த சிறிய பெட்டியிலோ விசிறி, உஷ்ணமானி எல்லாம் இருந்தன. 37.5 டிகிரி செல்ஷியஸில் நிறுத்தி, 24 கின்னி முட்டைகளை வைத்தேன். இடம் மிச்சமிருந்ததால் அதே நாளில் ஆறு நாட்டுக் கோழி முட்டைகளையும் சேர்த்து வைத்தேன். அங்கேதான் பிசகினேன்.

21-ஆம் நாள் நாட்டுக் கோழிக் குஞ்சுகள் வெளிவந்தன. வீட்டில் ஒரே குதூகலம்; ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்த்தோம். கின்னி முட்டைகள் மட்டும் கல் போலக் கிடந்தன. அவற்றின் ஓடு தடித்தது, பழுப்பு நிறமானது. டார்ச் விளக்கில் வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. 23-ஆம் நாள் காலை, எல்லாம் கூமுட்டை என்று தீர்மானித்து, காரணம் அறிவதற்காக ஒன்றை உடைத்தேன். உள்ளே முழு உருவம் பெற்ற குஞ்சு இருந்தது. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் போய்ச் சேரவில்லை. ஒரு முறை காலை அசைத்தது, அவ்வளவுதான். அன்று பள்ளிக்கூடத்தில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

கின்னிக் கோழிக்கு 26 முதல் 28 நாட்கள் வேண்டும். பாட்டியைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாள். மிச்சமிருந்த 23-ல் பதினொன்றுதான் பொரிந்தது. மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் ஈரம் போய், உட்சவ்வு உலர்ந்து இறுகி, ஓட்டைக் கொத்திய குஞ்சுகள் சில அப்படியே சிக்கிக்கொண்டு இறந்தன. ஈரப்பதம் முதலில் 55, 60 சதவிகிதம் இருந்தால் போதும். கடைசி மூன்று நாட்களில் 65-க்கு மேல் வேண்டும். அந்த மூன்று நாட்களும் முட்டையைத் திருப்பவும் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. பொரிந்த குஞ்சு வயிற்றிலுள்ள கருவைக் கொண்டே ஒரு நாள் தாங்கும். நாம்தான் தாங்க மாட்டோம். இரண்டு வகை முட்டையும் சேர்த்து வைத்தே ஆக வேண்டுமானால், நாட்டு முட்டையை ஆறு நாள் கழித்து வைப்பதே முறை.

நம் ஊர் வெயிலையும் மறக்கலாகாது. பெட்டிக்குச் சூடேற்றத் தெரியுமே தவிர, குளிரச் செய்யத் தெரியாது. அக்கினி நக்ஷத்திரத்தில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் முட்டை வெந்து போகும். கனத்த சுவருள்ள உள்ளறையே தகுந்தது. மின்சாரம் ஓரிரு மணி நேரம் நின்றால் பயமில்லை. காற்றுத் துளையை மட்டும் விட்டுக் கம்பளியால் போர்த்தி, திறக்காமல் இருக்க வேண்டும். முட்டைக்குக் குளிரை விடச் சூடே பெரிய சத்துரு.

குஞ்சு வந்த பிறகும் வேலை தீராது. முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும். வழுக்கும் காகிதத்தில் விட்டால் கால் அகன்று முடமாகும். சாக்கு விரிப்பது நலம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் அதிலேயே விழுந்து மூழ்கும்.

"கடன் வேண்டாம் என்று வீட்டில் சொல்லு. குஞ்சை வாங்க ஆள் உண்டா என்று முதலில் விசாரிக்கச் சொல்லு. அதற்குள், 21-ஆம் நாள் எழுந்து போய்விடாத அடைக்கோழி ஒன்றைத் தேடு" என்றேன். பையன் முகம் சற்று வாடியது. பெட்டியின் மேல் அவனுக்கே ஆசை போலும்.

போன திங்கட்கிழமை மறுபடி வந்தான். அவனுடைய ஆயா வளர்க்கும் கோழி பதினெட்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். காலண்டரில் இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் சிவப்பு மையில் சுழி போட்டிருக்கிறானாம். கிட்டே போனால் அது கொத்துகிறது என்று சொல்லி, கையைக் காட்டினான்.