போரும் கலைச்செல்வமும்

லெபனான் நாட்டின் தலைநகராகிய பெய்ரூட்டில் தேசியப் பொருட்காட்சிசாலை ஒன்று உண்டு. 1942ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அச்சாலையில், பினீசியரும் உரோமரும் விட்டுச்சென்ற சிலைகளும் வண்ணக் கற்கோலங்களும் கற்பேழைகளும் நிறைந்துள்ளன. அவற்றுள் தலையாயது பிப்லோஸ் நகரில் கண்டெடுக்கப்பெற்ற அகிராம் மன்னனின் கற்பேழை. பினீசிய எழுத்துகளால் அமைந்த மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று அதன்மீது பொறிக்கப்பட்டுள்ளது. 1975ஆம் ஆண்டில் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. நகரைக் கிழக்கு, மேற்கு என இரு கூறாகப் பிளந்த எல்லைக்கோடு அச்சாலையின் வாயிலை ஒட்டியே சென்றது.

அந்நாளில் தொல்பொருள் துறையின் தலைவராக விளங்கியவர் மோரீஸ் செகாப் என்பார். அவரிடம் படையும் இல்லை. போரிடுவோரை அடக்கும் ஆற்றலும் இல்லை. ஆயினும், எப்பொருளை எவ்வாறு காக்கலாம் என்னும் அறிவு இருந்தது. சிறு பொருள்களை நிலவறைகளில் அடுக்கி, இரும்புக் கம்பி இட்ட காங்கிரீட்டுச் சுவரால் அவ்வறைகளை அடைத்தனர். தரையில் பதிந்திருந்த கற்கோலங்களின்மீது பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் காங்கிரீட்டுப் பூசினர். பெயர்த்தெடுக்க இயலாத பெருஞ்சிலைகளையும் பேழைகளையும் சுற்றி மரச்சட்டம் அமைத்து, அவற்றையும் காங்கிரீட்டால் பொதிந்தனர். போர் பதினைந்து ஆண்டுகள் நீண்டது. படைஞர் உட்புகுந்து தங்கினர், சுவரெங்கும் கிறுக்கினர், குண்டுகள் தூண்களைச் சிதைத்தன. போர் ஓய்ந்தபின் காங்கிரீட்டை உடைத்துப் பார்த்தபோது, உள்ளே சிலைகள் வைத்தது வைத்தபடியே நின்றன.

எல்லாம் தப்பிவிட்டன என்று கூறுதல் பொருந்தாது. நிலவறைகளில் நீர் ஊறிப் பல பொருள்கள் கெட்டன. அருகிருந்த பகுதியில் பற்றிய தீயில் வரைபடங்களும் நிழற்படங்களும் ஏடுகளும் வெந்து சாம்பலாயின. ஏடு எரிந்தால், எஞ்சிய பொருள் எங்கிருந்து வந்தது, யாருடையது என்று நிறுவுவது அரிதாகிவிடும். ஏடுகளின் படி ஒன்று வேற்றூரில் வைக்கப்பட்டிருப்பின் அவ்விழப்பு நேர்ந்திராது. ஒருவரது அருந்திறனும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இஃது ஓர் எல்லை காட்டுகின்றது.

பாக்தாதில் நிகழ்ந்தது வேறு வகை. 2003ஆம் ஆண்டில் ஈராக்கின்மீது படையெடுப்பு நிகழுமுன்னரே, அங்குள்ள தொன்மையான இடங்களைப் பற்றி அறிஞர்கள் அமெரிக்கப் படைத்துறையினரிடம் எடுத்துரைத்தனர். அந்நகரப் பொருட்காட்சிசாலையின் ஊழியர்களும் சிறந்த பொருள்கள் பலவற்றை மறைவிடத்திற்குக் கொண்டுசென்றனர். எனினும் ஏப்ரல் 10ஆம் நாள் தொடங்கிக் கள்வர் உட்புகுந்து கொள்ளையிட்டனர். ஏறத்தாழ 15,000 பொருள்கள் பறிபோயின. அமெரிக்க டாங்கிகள் வாயிலில் வந்து நின்றது 16ஆம் நாளில்தான். இழந்தவற்றுள் ஒரு பகுதியே பின்னர் மீண்டது.

அவ்வீரர்கள் கலைக்குப் பகைவர் அல்லர். அவ்வாயிலைக் காத்தல் உம் கடமை என்று உரிய காலத்தில் அவர்களுக்கு ஒருவரும் பணிக்கவில்லை. குறை அங்கேதான் உள்ளது. பழம்பெரும் பாபிலோனில் நேர்ந்ததும் இதனை மெய்ப்பிக்கின்றது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் அவ்விடத்தில் அயல்நாட்டுப் படைகள் பாசறை அமைத்தன. தொன்மேட்டின் ஊடே அகழிகள் வெட்டின. பானை ஓடுகள் செறிந்த மண்ணை அள்ளிச் சாக்குகளில் நிரப்பி அரண் அடுக்கின. மண்வெட்டி பிடித்தவனுக்கு அது வெறும் மண். அதனை அறிந்த ஒருவன் அருகிருந்து, பத்துக் கல் தொலைவிலும் மண் கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் போதும். செலவு ஏதும் இல்லை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை, தொல்பொருள் பற்றிய அறிவுரைகள் அச்சிட்ட சீட்டுக்கட்டுகளைத் தன் வீரர்களுக்கு வழங்கியது. கேட்போர்க்கு நகை தோன்றலாம். ஆனால் ஓய்வு நேரத்தில் சீட்டாடும் வீரனிடம் தடித்த நூலை நீட்டுவதினும் அது நல்ல வழியே. நான்கு ஆண்டுகள் முன்னதாகச் செய்திருக்கலாம் என்பதே குறை.

இதற்குரிய சட்டம் புதிதன்று. 1954ஆம் ஆண்டில் ஹேக் நகரில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அமைதிக்காலத்திலேயே படைவிதிகளில் இக்கடமையைச் சேர்க்க வேண்டும். இதில் தேர்ந்தவர்களைப் படையினுள் அமர்த்தி, பொருட்காட்சிசாலையினருடன் ஒத்துழைக்கச் செய்ய வேண்டும் என்று அது கூறுகின்றது. இந்தியா 1958ஆம் ஆண்டிலேயே அதனை ஏற்றது. அமெரிக்கா 2009இலும் பிரிட்டன் 2017இலும் ஏற்றன. பாக்தாத் கொள்ளைபோன நாளில் இவ்விரண்டு நாடுகளும் அவ்வுடன்படிக்கைக்கு வெளியே இருந்தன.

மக்கள் மடியும் வேளையில் கல்லுக்கும் ஏட்டுக்கும் இரங்குவது தகுமோ என்று வினவுவோர் உண்டு. வினா நேர்மையானதே. கற்சிலைக்காக ஒரு வீரனைச் சாகச் சொல்லுதல் எவர்க்கும் உரியதன்று. ஆயின், அழித்தலால் உயிர் காக்கப்படும் என்பதும் உறுதியன்று. 1944 பிப்ரவரி 15ஆம் நாள் இத்தாலியின் மான்டே காசினோ மடத்தை நேச நாட்டு விமானங்கள் தகர்த்தன. பகைவர் உள்ளே இருப்பதாக எண்ணிச் செய்தது அது. ஜெர்மானியர் அப்போது மடத்தினுள் இல்லை. இடிந்த பின்னரே இடிபாடுகளுக்குள் புகுந்து, அவற்றையே அரணாக்கிக்கொண்டனர். அம்மடத்தின் அரிய சுவடிகள் மட்டும் பிழைத்தன; துறவியரும் ஜெர்மானிய அலுவலர் சிலரும் கூடிச் சில திங்கள்களுக்கு முன்னரே அவற்றை வண்டிகளில் அகற்றியிருந்தனர்.

அத்தகைய கூட்டுறவு போர் மூண்டபின் தானே முளைக்கும் என்று நம்புதல், வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டத் தொடங்குவது போன்றது. பொருட்காட்சிசாலைக் காப்பாளர் தம் சேமிப்பு அறைகளின் வரைபடத்தைப் படைத்தலைவரிடம் கொடுக்க அஞ்சுவார். அது கள்வர் கைக்கும் போகக்கூடும் அன்றோ? அவ்வச்சம் நீங்க இருவரும் முன்னரே பழகியிருத்தல் வேண்டும். 1996ஆம் ஆண்டில் தோன்றிய நீலக் கேடய அமைப்பு இப்பணியையே செய்துவருகின்றது. தென் லெபனானில் நிலைகொண்ட ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையினருக்கும் அவ்வமைப்பு பயிற்சி அளித்துள்ளது.

2024ஆம் ஆண்டில் லெபனான் மீண்டும் போருக்கு உள்ளாயிற்று. பால்பெக் கோவில்களின் அருகிலும் குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டு நவம்பரில், யுனெஸ்கோவின் சார்பில் கூடிய குழு அந்நாட்டின் 34 இடங்களுக்குச் சிறப்புக் காப்பு வழங்கியது. அவ்விடங்களின் பெயர்கள் ஏட்டில் ஏறிவிட்டன. குண்டு சுமந்து செல்லும் விமானியின் வரைபடத்திலும் அவை ஏறவேண்டும்.