செய்தியோடையைப் பிரிக்க லைப்ரரி போதுமா?

நாலைந்து நண்பர்களின் வலைப்பதிவுகளில் வரும் புது இடுகைகளை ஒரே பக்கத்தில் திரட்ட வேண்டுமா? செய்தியோடை இருக்கவே இருக்கிறது. தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இயங்கியதும் இதை வைத்துத்தான். வேர்ட்பிரஸ், பிளாக்கர் இரண்டும் கேட்காமலேயே ஓடை தருகின்றன. அதைப் பிரித்துத் தலைப்பு, சுட்டி, தேதி என்று எடுத்துக்கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

"வெறும் எக்ஸ்எம்எல் கோப்புதானே, பத்து வரியில் நாமே எழுதலாமே, லைப்ரரி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம். முதல் ஓடைக்கு வேலை செய்யும், இரண்டாவதில் உதைக்கும். 1999-ல் நெட்ஸ்கேப்பில் பிறந்த ஆர்எஸ்எஸ், 2000-ல் 1.0, 2002-ல் 2.0 என்று கிளை பிரிந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2005-ல் 'ஆட்டம் 1.0' வந்தது. கடைசியில் இன்னொரு வடிவம் கூடியதுதான் மிச்சம்! ஆர்எஸ்எஸ் 2.0 தேதியை நாள், மாதப் பெயர், ஆண்டு என்று எழுதும். ஆட்டம் ஆண்டிலிருந்து தொடங்கும். சுட்டி இருக்கும் இடமும் இரண்டிலும் வேறு வேறு. 'ஆர்எஸ்எஸ்-பார்சர்' போன்ற லைப்ரரிகள் இந்த வேறுபாடுகளைச் சமாளித்து ஒரே மாதிரி தருகின்றன. ஆகவே லைப்ரரியைப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

ஆனால் லைப்ரரி பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். மற்ற இரண்டு பொறுப்புகள் நிரல் எழுதுபவருடையவை.

முதலாவது, ஓடையைக் கொண்டுவருவது. வேறு தளத்தின் கோப்பை உலாவியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் படிக்க அந்தத் தளம் அனுமதிக்க வேண்டும். பல தளங்கள் அனுமதிப்பதில்லை. 2007-ல் கூகுள் இதற்கு ஒரு சேவை தந்தது. கூகுளின் வழங்கியே ஓடையை எடுத்து ஜேசனாகக் கொடுக்கும். பக்கத்தில் சில வரிகள் போதும். பின்னாளில் கூகுள் அதை நிறுத்தியதும், அதையே நம்பிய நிரல்களுக்கு ஓடை கிடைக்காமல் போனது. சொந்த வழங்கியில் சின்னதாக ஒரு நிரல் ஓடையை எடுத்துச் சேமித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு வாசகர் வரும்போதும் நண்பரின் தளத்தைத் தட்டாமல், அரை மணிக்கு ஒரு முறை எடுத்தால் அவருக்கும் பாரம் குறையும்.

இரண்டாவது, பாதுகாப்பு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓடைக்குள் வரும் இடுகை அடுத்தவர் எழுதிய ஹெச்டிஎம்எல். அதை அப்படியே 'இன்னர்ஹெச்டிஎம்எல்' வழியாகப் பக்கத்தில் கொட்டினால் ஆபத்து. அந்த வழியில் ஸ்கிரிப்ட் குறிச்சொல் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் "படம் திறக்காவிட்டால் இதைச் செய்" என்று படக் குறிச்சொல்லில் ஒளித்த நிரல் ஓடிவிடும். நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவர் தளத்தின் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? தலைப்பை வெறும் எழுத்தாகக் காட்டுங்கள். முழு இடுகையும் வேண்டுமென்றால் 'டாம்ப்யூரிஃபை' போன்ற ஒன்றில் வடிகட்டிய பிறகே காட்டுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். 2013-ல் கூகுள் ரீடர் மூடப்பட்டது, ஓடைகள் நிற்கவில்லை. பாட்காஸ்ட்கள் இன்றும் ஆர்எஸ்எஸ் வழியாக வருகின்றன. யாருடைய எழுத்தை எந்த வரிசையில் படிப்பது என்பதை நிறுவனங்களிடம் விடாமல், படிப்பவரே முடிவு செய்ய ஓடை இடம் தருகிறது. அந்த வசதிக்காக ஒரு சாயங்காலம் செலவழித்தால் தப்பில்லை.