காயாம்பூவைக் கண்டவர் எத்தனை பேர்?

மார்கழி விடியலில் திருப்பாவையின் 23ஆம் பாசுரத்தைச் சேவிக்கும் அன்பர்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். மழைக்காலத்துக் குகையிலிருந்து பிடரி சிலிர்த்து எழும் சிங்கத்தைக் காட்டிய ஆண்டாள், உடனே கண்ணனைப் பூவைப்பூவின் நிறத்தவனாக விளிக்கிறாள். பூவை என்பது காயாவே என்பர் பழைய உரையாசிரியர்கள். காயாம்பூ வண்ணன் என்று நாள்தோறும் சொல்லும் நாவுகள் பல; அப்பூவைக் கண்ட கண்கள் மிகச் சில. வேலியில் படர்ந்த சங்குப்பூவைக் காட்டி, இதுவே காயாம்பூ என்று பேரக்குழந்தைகளுக்குச் சொல்லும் பெரியவர்களும் உண்டு. சங்குப்பூ கொடியில் மலர்வது. காயாவோ புதர், இடம் வாய்த்தால் சிறு மரமாகும்.

அதன் இலை தடித்தது, பளபளப்பானது, ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. பூக்கள் கிளை நுனியில் வருவதில்லை. இலை உதிர்ந்த பழங்கிளைகளின் கணுக்கள்தோறும் கொத்துக் கொத்தாக வெடிக்கின்றன. தனிப்பூ மல்லிகை மொட்டினும் சிறிது. ஆனால் ஒரு புதர் முழுவதும் பூத்துவிட்டால், கிளைகளை நீலச்சாயத்தில் தோய்த்தெடுத்தாற்போல் இருக்கும். அக்காட்சி சில நாள்களே. முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் இப்பூவுக்குக் கண்மையை உவமை சொன்னார். மராத்தி மொழியில் இச்செடிக்கு இன்றும் அஞ்சனி என்றே பெயர். நாள்காட்டிப் படங்களில் கண்ணனுக்குத் தீட்டும் வெளிர்நீலம் அன்று இது. ஊதா கலந்த அடர்நீலம். ஆழ்வார்களின் கண்ணில் நின்ற நிறத்தை அறிய விரும்புவோர் இப்புதரைத்தான் தேடிப் போக வேண்டும்.

காடுறை உலகாகிய முல்லைக்கு மாயோனே தெய்வம் என்கிறது தொல்காப்பியம். அந்நிலத்துப் பூவான காயாவை மாயோன் நிறத்தோடு ஒப்பிட்டுப் புகழ்வதற்குப் பூவைநிலை என்று தனித்துறையே உண்டு. பூத்தும் காயாதது என்பதால் காயா என்று சிலர் விளக்கம் தருவர், அது பொருந்தாது. பட்டாணி அளவில் கனி காய்த்து, பழுத்துக் கறுக்கிறது. பறவைகளுக்கு இவ்விலக்கணச் சிக்கல் ஏதுமில்லை.

சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழைக்குப் பின் நீண்ட மாதங்கள் வறட்சியே. அவ்வறட்சியிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் தாழ்ந்த காடு அக்கரைக்கே உரியது. கோடியக்கரையில் அதன் பெரும்பகுதி ஒன்று காப்புக்காடாக எஞ்சியிருக்கிறது. மற்ற இடங்களில் முந்திரிக்கும் சவுக்குக்கும் வீட்டுமனைக்கும் அக்காடு இடம் கொடுத்துவிட்டது. துண்டு துண்டாகத் தப்பியவற்றுள் பல ஐயனார் கோயில்களைச் சூழ்ந்த காடுகளே. சாமி காட்டில் கத்தி வைக்கலாகாது என்ற அச்சம் காத்தவை அவை. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையருகே உள்ள கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காட்டில் காயாவே மிகுதி. பெருமாளின் நிறம் ஐயனாரின் காவலில் இருக்கிறது.

அக்காவல் இப்போது தளர்வது பக்தியின் பெயராலேயே. நகரத்தில் வாழும் பிள்ளைகள் குலதெய்வத்துக்குத் திருப்பணி செய்ய முன்வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். மண்குதிரைக்குப் பின்னிருந்த புதர் போய் மண்டபம் வருகிறது. வெறுந்தரை போய்ச் சிமெண்டுக் கல் வருகிறது. வாகனங்கள் நிற்க இடம் வேண்டியிருக்கிறது. வெட்டிய காயா அடியிலிருந்து தளிர்க்கும். இயந்திரம் வேரோடு பெயர்த்தெடுத்த காயா தளிர்ப்பதில்லை. மிக மெதுவாக வளரும் இம்மரம் மீண்டும் அவ்வளவில் நிற்பதைத் திருப்பணிக் குழுவில் உள்ள மூத்தவர் எவரும் காணப் போவதில்லை.

இத்தனைக்கும் செலவு மதிப்பீட்டுத் தாளில் அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: புதர் அகற்றுதல். பெரும்பாலும் அந்தத் தாளில் முதல் கையெழுத்து, மார்கழியில் திருப்பாவை சேவிக்கும் பெரியவருடையதாகவே இருக்கிறது.