கம்பி ஒன்று! கம்பெனி பல!

2021 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரை வாசித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மின் விநியோகம் ஏகபோகமாக இருக்கிறது என்று குறைப்பட்டுக் கொண்டார். இனி ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் விரும்பியதை மக்களே தேர்வு செய்ய வழி செய்யப்படும் என்று அறிவித்தார். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

சரியாக இரண்டு வாரம் கழித்து, இந்த உரிமையை 2002 முதல் அனுபவித்து வரும் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் என்ன நடந்தது தெரியுமா?

அங்கே பெரும்பாலான ஊர்களில் வீட்டுக்குக் கரண்ட் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கம்பெனியைப் பிடித்தாக வேண்டும். டஜன் கணக்கில் கம்பெனிகள், நூற்றுக்கணக்கில் திட்டங்கள்! ஆனால் எந்தக் கம்பெனியைப் பிடித்தாலும் வீட்டுக்கு வருவது அதே கம்பி, அதே மின்சாரம். மாறுவது பில்லில் உள்ள பெயர் மட்டும்தான். இவர்களில் பலர் ஒரு யூனிட்டைக்கூட உற்பத்தி செய்வதில்லை. மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் தரகர்கள். விளம்பரத்தில் மலிவு விலை போட்டிருப்பார்கள். உள்ளே படித்தால், மாதம் 1000 யூனிட் தொட்டால்தான் தள்ளுபடி. 999ல் நின்றால் கிடையாது! சிக்கனமாக இருப்பவனுக்கு அபராதம் போடும் வியாபாரம் இது.

அந்தப் பிப்ரவரியில் கடும் பனிப்புயல் வீசியது. மின் நிலையங்கள் உறைந்து நின்றன. பல லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தனர். அந்த நேரத்தில் மக்களைக் காக்க வேண்டிய ஒழுங்குமுறை ஆணையம் என்ன செய்தது? மொத்த விலையை அனுமதிக்கப்பட்ட உச்சத்திலேயே வைக்கும்படி 15ஆம் தேதி உத்தரவு போட்டது. அந்த உச்சம் ஒரு யூனிட்டுக்கு 9 டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 650 ரூபாய். ஏறத்தாழ 4 நாட்கள் அந்த விலைதான்.

மொத்த விலைக்கே தருகிறோம், மாதம் 9.99 டாலர் கட்டணம் போதும் என்று ஆசை காட்டிய 'கிரிட்டி' என்ற கம்பெனியை நம்பி ஏறத்தாழ 29 ஆயிரம் பேர் இருந்தனர். புயல் நெருங்கியபோது அந்தக் கம்பெனியே, 'உடனே வேறு கம்பெனிக்கு மாறிவிடுங்கள்' என்று அவர்களுக்குத் தகவல் அனுப்பியது. மாற முயன்றவர்களில் பலரைச் சேர்த்துக் கொள்ள ஆளில்லை. ஒரு வீட்டுக்கு 16 ஆயிரம் டாலரைத் தாண்டிப் பில் வந்தது. பின்னர் மாநில அரசு வழக்குப் போட்டு, கம்பெனி திவாலாகி, பாக்கிகள் ரத்தானது வேறு கதை. எப்போது தேவையோ அப்போது கிடைக்காத உரிமைக்குப் பெயர் உரிமையா?

'விலை நிர்ணயம் செய்ய நபி (ஸல்) அவர்களே மறுத்தார்களே, சந்தையை அதன் போக்கில் விட்டால் என்ன?' என்று வியாபாரச் சகோதரர்கள் சிலர் கேட்கக் கூடும். அது வாங்குபவனும் விற்பவனும் நேருக்கு நேர் நின்று, விலை ஒத்து வராவிட்டால் நடையைக் கட்டக்கூடிய சந்தை. உறையும் குளிரில் குழந்தைகளை வைத்துக்கொண்டிருப்பவன் எங்கே நடையைக் கட்டுவான்? இன்ன விலை என்றே தெரியாமல் விற்கும் மோசடி வியாபாரத்தை மார்க்கம் தடுத்திருக்கிறதே! தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி இருப்பதை ஏன் மறந்தோம்? அடுப்பும் விளக்கும் இன்று கரண்டில்தானே எரிகின்றன?

அமெரிக்கா தூரத்தில் இருக்கிறது என்று சமாதானம் அடைய வேண்டாம். மும்பை புறநகர்களில் 2009 முதல் ஒருவர் கம்பியில் இன்னொருவர் மின்சாரம் ஓடுகிறது. நல்ல வாடிக்கையாளர்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்ற புகார் முற்றி, 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று 2012ல் அந்த மாநில மின் ஆணையம் தலையிட நேர்ந்தது. ஏழை வீட்டை அழைக்க உத்தரவு தேவைப்பட்டது!

இதே ஏற்பாட்டை நாடு முழுக்கக் கொண்டுவரும் மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் வைக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பி நிலைக்குழுவுக்குப் போய், நிறைவேறாமலே காலாவதியானது. 2025 அக்டோபரில் புது வரைவு வந்துவிட்டது.

நம் மின்வாரியம் யோக்கியமா என்று கேட்காதீர்கள். புது இணைப்புக்கு அலைந்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். அதைத் திருத்தத் தட்டிக் கேட்கலாம். கேட்க ஓர் அலுவலகமாவது ஊரில் இருக்கிறது.

கடைவீதிச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. தனியார் வந்தால் உங்களைத்தான் முதலில் தேடி வருவான். வணிக இணைப்புக்கு நீங்கள் கட்டும் கூடுதல் கட்டணத்தில் கொஞ்சம் குறைத்து ஆசை காட்டுவான். நீங்கள் போய்விட்டால், உங்கள் கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பையனின் வீட்டுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைத்து வரும் 100 இலவச யூனிட்டின் சுமையை வாரியம் யாரிடம் வசூலிக்கும்? மசோதா மறுபடி அவைக்கு வருமுன், உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.