பதினாலாவது மாதம்

யூடியூபில் பாட்டு கேட்கப் போனால் முதலில் ஒரு குழந்தை அழுகிறது. மொட்டைத் தலை, மூக்கில் குழாய், பின்னால் சோக இசை. "இன்னும் சில நாட்களே" என்கிறது ஒரு குரல். நீங்கள் தள்ளிவிட்டுப் போகிறீர்கள், இல்லையென்றால் கண் கலங்கி ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறீர்கள். அனுப்புகிறவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. என் கோபம் அந்தப் படத்தின் மேல்தான். புற்றுநோய் வந்த குழந்தை என்றால் செத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அது நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. நம் சினிமா இதை அதற்கு முன்பே செய்துவிட்டது. இடைவேளைக்கு முன் இருமல், கடைசி ரீலில் சாவு.

என் மகளுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ஏஎல்எல் வகை. இன்று இது குணமாகக்கூடிய நோய். பணக்கார நாடுகளில் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். 1947-48இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இந்த நோயைக் கொஞ்ச காலமாவது அடக்கிக் காட்டிய மருந்து, எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக் குழுவிலிருந்து போனது. பீமவரத்தில் பிறந்து, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். கதர் உடுத்தியதற்காக ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரின் பகையைச் சம்பாதித்து, முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல் போனவர். அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டைத்தான் என் மகள் வெள்ளிக்கிழமைதோறும் விழுங்குகிறாள். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எங்கள் தெருவுக்கு இன்னும் சேதி வந்து சேரவில்லை.

இந்தச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம் நடக்கும். முதல் சில மாதம் சினிமா மாதிரியே இருக்கும். முடி கொட்டும், முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸோடு வருவார்கள். என் மனைவியிடம் "மாசமா இருந்தப்ப என்னத்த சாப்பிட்ட?" என்று விசாரிப்பார்கள். பிறகு முடி முளைத்துவிடும். ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தயிர்சாதம் கேட்பாள். கன்னம் உப்பிப்போகும். "பாப்பாதான் கொழுகொழுன்னு தேறிட்டாளே, இன்னும் எதுக்கு அந்த விஷம்?" என்பார் என் அத்தை. தினசரி காலண்டர் தாளில் 'முழுசு', 'அரை' என்று எழுதிவைத்து, ஒவ்வொரு ராத்திரியும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறோம். இதில் அழுகை இல்லை, இசை இல்லை. இதைப் படம்பிடிக்க யாரும் வரமாட்டார்கள். குழந்தை பிழைப்பது இந்த அலுப்பான மாதங்களில்தான்.

தொலைந்துபோவதும் இங்கேதான். தொடர்ந்து நாலு வாரம் வராத குழந்தையைச் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று மருத்துவ ஆய்வுகள் கணக்கில் வைக்கின்றன. என்ன சொல் பாருங்கள், கைவிட்டவர்! முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவைத் தருகிறது. ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. இரண்டும் பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் போன கூலியை யார் தருவது? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை வாடகையை? பாட்டி வீட்டில் விட்டுவந்த சின்னவன் பள்ளிக்கூடம் போகாமல் இருப்பதை யார் பார்ப்பது? வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் விடியும்வரை காத்திருக்க முடியாது, உடனே ஊசி மருந்து ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் விருத்தாசலம். சென்னை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். உள்ளூரில் ஒரு மருத்துவமனையில் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் "கேன்சர் கேஸா? மெட்ராஸுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்கள். அந்த ராத்திரி டாக்ஸிக்காரருக்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் செல்லாது.

வார்டில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு கொத்தனார் இருந்தார். பையனுக்கு ஆறு வயது. எந்த மாத்திரை எந்த நாள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர், அறியாமை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதினாலாவது மாதம் வரவில்லை. பையன் ஓடியாடிக்கொண்டிருந்தான், வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ரெண்டில் எதை முதலில் பார்ப்பார்? நாலு மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நோய் திரும்பியிருந்தது. இனி செலவு பல மடங்கு, பிழைக்கும் வாய்ப்போ குறைவு. இப்போதுதான் அவன் அந்த யூடியூப் படத்துக்குத் தகுதியானான்.

இவனைத்தான் 'குட்டிப் போராளி' என்று எழுதப்போகிறார்கள். போராளி என்று பேர் வைத்துவிட்டால் அவனுக்கு பஸ் காசு தர வேண்டியதில்லை பாருங்கள். என்னையும் "தைரியமான அப்பா சார் நீங்க" என்கிறார்கள். எனக்குத் தைரியம் அதிகமில்லை. சம்பளத்தோடு லீவு தருகிற ஒரு வேலை இருக்கிறது. கொத்தனாருக்கு அது இல்லை, எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்களில் கதை எழுதுகிறவர்களும் அந்தக் குழந்தையைக் கடைசிப் பக்கத்தில் கொன்றுவிடாதீர்கள். பணம் அனுப்புகிறவர்கள் அடுத்த தடவை கொஞ்சம் விசாரியுங்கள். பெரிய புற்றுநோய் வார்டுகள் பலவற்றில் சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார். இந்த மாதம் யார் யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். பல பேருக்குத் தடையாக இருப்பது ஒரு ரயில் டிக்கெட்டும் ரெண்டு நாள் அறை வாடகையும்தான்.