மருந்துக்கு இரு பொருள்

தோழா! சிவகாசியிலே மருந்து என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையைக் கருக்குவது ஒன்று. கருகிய கையை ஆற்றுவது மற்றொன்று. முன்னது ஆலையில் குவிந்து கிடக்கிறது. பின்னதற்கோ அட்டை வேண்டும்!

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. 2012-இல் பெயர் மாறிற்று. 2018-இல் டில்லியின் ஆயுஷ்மான் பாரத் வந்து இணைந்தது. டில்லி ஒப்பிய பங்கு நூற்றுக்கு 60. அதுவும் அப்போது 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தேர்ந்த குடும்பங்களுக்கே! மற்றையோர் செலவு மாநிலக் கருவூலத்தின் தலையில். பின்னர் மணமுடித்துத் திருத்தங்கலில் தனிக்குடித்தனம் புகுந்தவன் எவர் கணக்கில்? அவனுக்கே தெரியாது.

வருமானமோ ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டலாகாதாம். மாதம் பத்தாயிரம்! கணவனும் மனைவியும் பட்டாசு ஆலைக்குப் போனால் தாண்டிவிடும். தீபாவளி முடிந்து கதவடைத்தால் சுருங்கிவிடும். எந்த மாதத்தை அளந்து சான்று தருவது?

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பர் சிலர். பதிவேட்டில் பெயருள்ளவனுக்கு உண்டு. உள்குத்தகைக் கொட்டகையில் உழைப்பவளுக்கு?

டில்லியும் கோட்டையும் பங்கு பேசட்டும். நீ வீடுவீடாகச் செல். அட்டை இல்லாதார் யார், பதிவேட்டில் ஏறாதார் யார் என்று குறித்து வா. தீபாவளி நெருக்கடி வேலை தொடங்குமுன் அந்தக் கணக்கு நம் கையில் இருக்கவேண்டும்.